எட்டு வருஷமாகக் கடிக்காத நாய் இப்போது கடித்துவிட்டது: வழக்கு வருமா?

கேள்வி: எங்கள் லாப்ரடாருக்கு எட்டு வயது. யாரையும் பார்த்து உறுமியதுகூட இல்லை. போன ஞாயிறு, மாடிவீட்டுப் பையன் வழக்கம்போலத் தலையைத் தடவியபோது கையைக் கடித்துவிட்டது. இரண்டு பல் பதிந்திருக்கிறது. ஒரு மாதமாகவே வலது காதைச் சுவரில் தேய்த்துக்கொண்டிருந்தது. போலீஸுக்குப் போவோம் என்கிறார்கள். கொழுந்தனாரோ, நாயை ஊருக்கு வெளியே விட்டுவிடலாம் என்கிறார். – வாசகி, சென்னை

பதில்: முதலில் பையனைப் பாருங்கள் அம்மா. ரேபிஸ் தடுப்பூசி ஆரம்பித்தாயிற்றா என்று இன்றே மாடிக்குப் போய்க் கேளுங்கள். "எங்கள் நாய்க்கு ஊசி போட்டிருக்கிறோம்" என்று சொல்லி அதைத் தள்ளிப்போட வைக்காதீர்கள். அரசு மருத்துவமனையில் இலவசம்தான், கூடவே போங்கள்.

கொழுந்தனார் சொல்வதை மட்டும் செய்யாதீர்கள். கடித்த நாயைப் பத்து நாள் கண்காணிப்பார்கள். அந்த நாட்களில் நாய் நன்றாக இருந்தால், கடித்தபோது அதன் உமிழ்நீரில் ரேபிஸ் கிருமி இல்லை என்று கொள்ளலாம். அதை விரட்டிவிட்டால் இந்த வழியே அடைபட்டுப் போகும். பட்டினி கிடக்கும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

சரி, வழக்கு? பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆவது பிரிவு. தன்னிடம் உள்ள பிராணியால் உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ நேராதபடி காக்க, தெரிந்தோ அசட்டையாலோ தவறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஜாமீனில் வரக்கூடிய குற்றம்தான். சிகிச்சைச் செலவு கேட்டுத் தனியாக சிவில் வழக்கும் போடலாம்.

உங்கள் கடிதத்தில் அந்தக் காது விஷயத்தைப் படித்ததும் நின்றுவிட்டேன். காதில் சீழ், பல்வலி, இடுப்பு மூட்டுத் தேய்மானம், கண் மங்குவது, தைராய்டு குறைவு என்று, சாதுவான நாய் திடீரென்று கடிக்கப் பல காரணங்கள் உண்டு. வலிக்கும் இடத்தில் கை பட்டால் அதற்கு வேறு மொழி தெரியாது. ஆனால் ஒரு மாதமாகத் தேய்த்தும் டாக்டரிடம் காட்டவில்லையே என்று எதிர்த்தரப்பு கேட்கும். நியாயமான கேள்விதான். அதே நேரம், அது கடிக்கும் என்று நினைக்க உங்களுக்கு இதுவரை எந்தக் காரணமும் இருந்ததில்லை என்பது உங்கள் பலம். இனி அப்படிச் சொல்ல முடியாது. ஒருமுறை கடித்த நாய் என்று தெரிந்த பிறகு மறுபடி கடித்தால், தெரியாது என்ற பேச்சே எடுபடாது.

அதனால் நாளைக்கே வாய்ப்பூட்டு போட்டு கால்நடை மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். காதைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். கடித்த தேதி, அவர் கண்ட காரணம், கொடுத்த மருந்து எல்லாம் சீட்டில் எழுதியிருக்கட்டும். வீட்டில் கேட்டைத் தாழிடுங்கள், பிள்ளைகளை நெருங்கவிடாதீர்கள். பயத்தில் நாள் முழுக்கக் குட்டைச் சங்கிலியில் கட்டிப்போடுவதும் அதே 1960 சட்டப்படி தப்பு. அடிக்கவும் வேண்டாம், வலியில் இருக்கிற ஜீவன் அது.

பையனின் மருத்துவச் செலவை நீங்களே கேட்டுக் கொடுங்கள், ரசீதுகளின் நகலை வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டேஷனில் கூப்பிட்டால் அந்த ரசீதுகள், டாக்டர் சீட்டு, தடுப்பூசி அட்டை, மாநகராட்சி உரிமம் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போட்டு எடுத்துப் போங்கள். உரிமம் இன்னும் எடுக்கவில்லை என்றால் இந்த வாரமே விண்ணப்பித்துவிடுங்கள்.