மொபைல் ஹோம் இன்சூரன்ஸ்: ஃப்ளோரிடாவில் வீடு வைத்திருப்பவர்களின் கேள்விகளும் பதில்களும்

தாம்பா வட்டாரத்தில் வீட்டு இன்சூரன்ஸ் ஏஜென்டாக இருக்கிறேன். வாரக் கடைசியில் பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளியில் விட்டுவிட்டு நிற்கும்போது, மொபைல் ஹோம், அதாவது தொழிற்சாலையில் செய்து இழுத்து வந்து நிறுத்தும் வீடு, வாங்கிய நம்மவர்கள் வந்து பாலிசியை நீட்டுவார்கள். நான் முதலில் கேட்பது முதல் பக்கத்தை, அதாவது டிக்ளரேஷன் பேஜை. எவ்வளவு தொகைக்குக் காப்பீடு, சேதத்தை எந்த முறையில் கணக்கிட்டுப் பணம் தருவார்கள், புயலுக்கு டிடக்டிபிள் (சேதத்தில் நாமே ஏற்க வேண்டிய பங்கு) எத்தனை சதவீதம் என்பதெல்லாம் அந்த ஒரு பக்கத்தில் இருக்கும். அதைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டவர்கள்தான் புயலுக்குப் பிறகு என் முன்னால் கண்கலங்கி நின்றிருக்கிறார்கள். அதனால்தான் வந்த கேள்விகளுக்கு இப்படி விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

லேக்லேண்டில் ஒரு சகோதரி: அண்ணா, 1998இல் செய்த டபுள்வைட் ஒன்றை வாங்கப் போகிறோம். டைட்டில் கார் டைட்டில் மாதிரியே இருக்கிறது, அதுவும் இரண்டு! இது வண்டியா, வீடா? எந்த இன்சூரன்ஸ் எடுப்பது?

பயப்படாதீர்கள் தங்கச்சி, இரண்டு டைட்டில் இருப்பது சரிதான். ஃப்ளோரிடாவில் மொபைல் ஹோமுக்கு டைட்டில் கொடுப்பது வாகனத் துறை. டபுள்வைட் என்றால் தனித்தனியாக வந்து சேர்ந்த இரண்டு பாகம், பாகத்துக்கு ஒரு டைட்டில். விற்பவரிடமிருந்து இரண்டையும் வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்று விடுபட்டாலும் பிறகு கிளெய்ம் நேரத்தில் "வீடு யாருடையது" என்ற கேள்வி வரும். நிலமும் உங்களுடையதானால் ஆர்.பி. (ரியல் ப்ராபர்ட்டி) ஸ்டிக்கர் வாங்கி, வீட்டை நிலத்தோடு சேர்ந்த சொத்தாகப் பதியலாம். வாடகை நிலமானால் வருடா வருடம் டெக்கல் என்ற பதிவு ஸ்டிக்கரைப் புதுப்பிக்க வேண்டும்.

இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் கேட்பது, வீடு 1976 ஜூன் 15க்கு முன் செய்ததா பின் செய்ததா என்று. அன்றுதான் ஹட் எனப்படும் மத்திய வீட்டுவசதித் துறையின் கட்டுமான விதி நடைமுறைக்கு வந்தது. சட்டப்படி அதற்கு முந்தியதுதான் 'மொபைல் ஹோம்'. பிந்தியது 'மேனுஃபாக்சர்ட் ஹோம்'. பேச்சில் எல்லாமே மொபைல் ஹோம்தான், ஆனால் விண்ணப்பத்தில் சரியாக எழுதுங்கள். 1976க்கு முந்திய வீடென்றால் பல கம்பெனிகள் தொடவே மாட்டார்கள்.

உங்கள் வீட்டின் ஒவ்வொரு பாகத்துக்கும் வெளிச்சுவரில் சிவப்பு நிற உலோகத் தகடு ஒன்று இருக்க வேண்டும். உள்ளே சமையலறை அலமாரிக் கதவிலோ, மின்சாரப் பெட்டிக்குப் பக்கத்திலோ, படுக்கையறை குளோசெட்டிலோ டேட்டா பிளேட் என்ற தாள் ஒட்டியிருக்கும். அதைப் போட்டோ எடுத்து மின்னஞ்சலில் போட்டு வையுங்கள். பெயின்ட் அடிக்கிறவர் அதன் மேலும் அடித்துவிட்டுப் போவதுண்டு. சிவப்புத் தகடு தொலைந்தால் ஹட் புதிதாகத் தராது. ஐ.பி.டி.எஸ். என்ற நிறுவனத்திடம் கட்டணம் கட்டிச் சரிபார்ப்புக் கடிதம் வாங்கலாம்.

சாதாரண வீட்டுக்கான ஹெச்.ஓ.3 பாலிசி இதற்குப் பொருந்தாது. ஹெச்.ஓ.7 என்ற படிவமோ, மொபைல் ஹோமுக்கென்று கம்பெனி எழுதிய தனிப் படிவமோதான் வேண்டும்.

தாம்பா, ஐ.டி. வேலையில் இருப்பவர்: என் நண்பனின் கான்கிரீட் வீடு என் வீட்டைப் போல மூன்று மடங்கு விலை. பிரீமியம் மட்டும் ஏன் எனக்கும் அவனுக்கும் கிட்டத்தட்ட ஒன்று?

காற்றுதான் காரணம். 1992 ஆகஸ்ட் 24 அன்று ஆண்ட்ரூ புயல் மயாமிக்குத் தெற்கே கரையேறியபோது மொபைல் ஹோம் குடியிருப்புகள் வரிசை வரிசையாக அழிந்தன. அதன் பிறகு 1994 ஜூலையிலிருந்து ஹட் விதியில் காற்றுக்கான தேவை கடுமையானது. நாட்டை மூன்று காற்று மண்டலமாகப் பிரித்தார்கள். ஃப்ளோரிடா முழுவதும் இரண்டாவதிலோ மூன்றாவதிலோ வரும். தாம்பா இருக்கும் ஹில்ஸ்பரோ இரண்டு, எதிர்க்கரையில் பினெல்லஸ் மூன்று, ஃபோர்ட் மயர்ஸ் இருக்கும் லீ கவுன்டியும் மூன்று. இரண்டாம் மண்டல வீடு மணிக்கு 100 மைல் காற்றைத் தாங்கும் கணக்கில் செய்தது, மூன்றாம் மண்டல வீடு 110 மைல்.

ஆகவே உங்கள் வீடு 1993ஆ 1995ஆ என்பது இரண்டு வருட வித்தியாசம் மட்டும் இல்லை, வேறு தலைமுறை வீடு. அதோடு தரையில் பிடித்திருக்கும் ஆங்கர்கள், பட்டைகள் எந்த நிலையில் உள்ளன என்றும் பார்ப்பார்கள். துருப்பிடித்துத் தொங்கும் பட்டையை மாற்றி, உரிமம் பெற்ற இன்ஸ்டாலரிடம் சான்று வாங்கி ஏஜென்டிடம் கொடுங்கள். சில பார்க்குகளுக்கு, அதாவது மொபைல் ஹோம் குடியிருப்புகளுக்கு, டல்லஹாசியில் உள்ள கல்லூரி ஒன்றின் வழியாக மாநில அரசே டை-டவுன் வேலையை (வீட்டைத் தரையோடு இறுக்கிக் கட்டுவதை) செய்து கொடுக்கும் திட்டமும் உண்டு. பார்க் நிர்வாகத்திடம் கேட்டுப் பாருங்கள்.

பிராண்டனில் ஒருவர்: புயலில் கூரை போனது. காண்ட்ராக்டர் 12,000 டாலர் என்கிறார். கம்பெனி தருவது 1,200. இது அநியாயம் இல்லையா?

உங்கள் வேதனை எனக்குப் புரிகிறது. டிக்ளரேஷன் பேஜைப் பார்த்தேன். "ஆக்சுவல் கேஷ் வேல்யூ" என்று போட்டிருக்கிறது. தேய்மானத்தைக் கழித்துவிட்டுத் தருவோம் என்பதுதான் அதன் பொருள்.

உங்கள் கணக்கையே போடுவோம். புதுக் கூரை 12,000. கூரையின் ஆயுளை 20 வருடம் என்று வைத்திருக்கிறார்கள், உங்களுடையது 15 வருடம் பழையது. முக்கால் பங்கு தேய்ந்தது என்று 9,000 கழித்தால் மிச்சம் 3,000. வீட்டுக்கு 90,000க்குக் காப்பீடு, புயல் டிடக்டிபிள் 2 சதவீதம். அந்த 2 சதவீதம் சேதத் தொகையில் இல்லை, காப்பீட்டுத் தொகையான 90,000இல். அது 1,800. கழித்தால் 1,200. பிரீமியம் குறையும் என்று 5 சதவீதம் எடுத்திருந்தால் 4,500 ஆகியிருக்கும், கைக்கு ஒரு காசும் வந்திருக்காது. மாநிலச் சட்டப்படி புயல் டிடக்டிபிள் ஒரு காலண்டர் வருடத்துக்கு ஒருமுறைதான். அதே கம்பெனியில் அதே வருடம் இரண்டாவது புயல் வந்தால், முதல் கிளெய்மில் கழித்ததைக் காட்டி, புயல் டிடக்டிபிளில் மிச்சம், மற்றச் சேதங்களுக்கான சாதாரண டிடக்டிபிள் இரண்டில் எது பெரிதோ அதை மட்டும் கழிக்கச் சொல்லலாம். அதனால் சின்னச் சேதத்தையும் தெரிவித்து எழுத்தில் வையுங்கள்.

இங்கே பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. வீடு முழுவதும் போய்விட்டால் கணக்கே வேறு. ஃப்ளோரிடாவின் 'வேல்யூட் பாலிசி' சட்டம் மொபைல் ஹோமையும் சேர்த்துச் சொல்கிறது: காப்பீட்டில் வரும் காரணத்தால் வீடு முழுதாக அழிந்தால், பாலிசியில் எழுதிய தொகைதான் கம்பெனியின் பொறுப்பு. தேய்மானம் பேச முடியாது. பாதிச் சேதத்தில்தான் தேய்மானம் நம்மைக் கடிக்கிறது. நடப்பதும் பெரும்பாலும் பாதிச் சேதம்தான்.

அடுத்த புதுப்பித்தலில் "ரீப்ளேஸ்மென்ட் காஸ்ட் தருவீர்களா, கூரைக்கும் சேர்த்தா?" என்று இந்த வார்த்தைகளிலேயே கேளுங்கள். தேய்மானம் கழிக்காமல் புதிதாகப் போடும் செலவைத் தருவதுதான் ரீப்ளேஸ்மென்ட் காஸ்ட். வீட்டுக்கு ரீப்ளேஸ்மென்ட் காஸ்ட், கூரைக்கு மட்டும் தேய்மானம் என்று பிரித்து எழுதும் பாலிசிகளும் உண்டு. புது வீடுகளுக்கு எளிதில் கிடைக்கும், பழையவற்றுக்கு அலைய வேண்டும். ஆனாலும் பிரீமியத்தில் வரும் வித்தியாசத்தைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஃபோர்ட் மயர்ஸ் பக்கம் ஒரு அம்மா: புயல் காப்பீடு இருக்கிறதே தம்பி, வெள்ளத்துக்குத் தனியாக எதற்கு?

அம்மா, இந்தக் கேள்விக்கு மட்டும் நான் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்வேன், தனியாக எடுத்துவிடுங்கள். 2022 செப்டம்பர் 28இல் இயன் புயல் உங்கள் பக்கம்தான் கரையேறியது. எனக்குத் தெரிந்த வயதான தம்பதியின் வீட்டில் கூரைக்கு ஒன்றும் ஆகவில்லை. கடல்நீர் உள்ளே வந்து இடுப்பளவு நின்றது. அவர்களிடம் இருந்தது மொபைல் ஹோம் பாலிசி மட்டும். கடலைத் தள்ளிக்கொண்டு வந்தது காற்றுதான் என்றாலும், பாலிசியின் கண்ணில் அது வெள்ளம். தரை, சுவர், கட்டில், ஃப்ரிட்ஜ் எதற்கும் பணம் வரவில்லை.

வெள்ளத்துக்கு மத்திய அரசின் என்.எஃப்.ஐ.பி. பாலிசி உண்டு. வீட்டுக்கு அதிகபட்சம் 2,50,000 டாலர், உள்ளே உள்ள பொருளுக்கு 1,00,000. பொருளுக்கான காப்பீட்டைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும், தானாக வராது. வீடு நிரந்தர அடித்தளத்தில் இருக்க வேண்டும். வெள்ள அபாயப் பகுதியானால் மிதந்து போகாதபடி ஆங்கர் செய்திருக்கவும் வேண்டும். நீங்களே குடியிருக்கும் வீடு குறைந்தது 16 அடி அகலமும் 600 சதுர அடியும் இருந்தால் கணக்குச் சாதகமாக வரும். ஒரே பாகமான, குறுகலான சிங்கிள்வைடுக்குத் தேய்மானம் கழித்துத்தான் தருவார்கள்.

எடுத்த அன்றே அது செல்லாது, 30 நாள் கழிய வேண்டும். கடன் வாங்கும்போது எடுத்தால் அந்தக் காத்திருப்பு இல்லை. புயல் சீசன் ஜூன் 1இல் தொடங்குகிறது. ஏப்ரலிலேயே எடுத்துவிடுங்கள் அம்மா. டி.வி.யில் புயல் படத்தைக் காட்டும் நாளில் எடுப்பதால் அந்தப் புயலுக்குப் பயன் இல்லை.

கிளியர்வாட்டர், பெற்றோருக்காகக் கேட்பவர்: அப்பா அம்மா 55 வயதுக்கு மேற்பட்டோர் பார்க்கில் இருக்கிறார்கள். நிலம் வாடகை. வருடத்தில் நான்கு மாதம் திருச்சிக்குப் போய்விடுவார்கள். எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

முதலில் கார்போர்ட்டும் ஸ்க்ரீன் ரூமும். வீட்டோடு ஒட்டியிருப்பதால் அதுவும் சேர்ந்ததே என்று நினைப்போம். பல ஃப்ளோரிடா பாலிசிகளில் புயல் சேதத்துக்கு அவை விலக்கு, அல்லது தனியாகத் தொகை குறித்துச் சேர்க்க வேண்டும். காற்றில் முதலில் பறப்பது அதுதான் என்பதால் இதைக் கேட்காமல் விடாதீர்கள்.

அடுத்தது லையபிலிட்டி, அதாவது அடுத்தவருக்கு நேரும் காயத்துக்கான நம் பொறுப்பு. நிலம் பார்க்குடையது என்றாலும் உங்கள் படியில் ஒருவர் வழுக்கி விழுந்தால் பொறுப்பு அப்பாவுக்குத்தான். குறைந்தபட்சம் இவ்வளவு வேண்டும் என்று பார்க் குத்தகையிலேயே எழுதியிருக்கலாம், எடுத்துப் பாருங்கள்.

ஊருக்குப் போவதைப் பற்றி ஏஜென்டிடம் எழுத்தில் சொல்லிவிடுங்கள். வீடு தொடர்ந்து 30 அல்லது 60 நாள் காலியாக இருந்தால் சிலவகைச் சேதத்தைத் தரமாட்டோம் என்ற விதி பாலிசிகளில் இருக்கும். பொருளோடு பூட்டியிருக்கும் வீட்டுக்கும் ஒன்றுமில்லாமல் கிடக்கும் வீட்டுக்கும் விதி வேறுபடும். உங்கள் பாலிசி எதைச் சொல்கிறது என்று பார்க்க வேண்டும். கிளம்பும் முன் தண்ணீர் மெயின் வால்வை மூடச் சொல்லுங்கள். வாரம் ஒருமுறை யாராவது உள்ளே போய்ப் பார்த்து, தேதியோடு ஒரு போட்டோ எடுத்து வைத்தால் பிறகு பேச்சுக்கு இடமிருக்காது.

கார்ப்பஸ் கிறிஸ்டி, டெக்சாஸ்: இங்கேயும் இதே விதிதானா?

ஹட் விதி ஒன்றுதான், மற்றது வேறு. டெக்சாஸில் டைட்டிலுக்குப் பதில் 'ஸ்டேட்மென்ட் ஆஃப் ஓனர்ஷிப்' என்ற தாளை மாநில வீட்டுவசதித் துறை தரும். கடலோரத்தின் 14 கவுன்டிகளில் சாதாரணக் கம்பெனிகள் காற்றை விலக்கி எழுதினால் ட்வியா என்ற அமைப்பிடம் காற்றுக்கும் ஆலங்கட்டி மழைக்கும் தனிப் பாலிசி எடுக்கலாம். நீங்கள் இருக்கும் நுவேசஸ் அந்த 14இல் ஒன்று. வெள்ளம் அங்கும் தனிதான்.

ஆர்லாண்டோ, மாணவர்களுக்கு வாடகைக்கு விடுபவர்: நான் குடியிருந்தபோது எடுத்த பாலிசி அப்படியே ஓடுகிறது. போதுமா?

போதாது. உடனே லேண்ட்லார்டு பாலிசிக்கு மாற்றுங்கள். நீங்கள் குடியிருப்பதாக எழுதிக் கொடுத்துவிட்டு வேறொருவர் இருந்தால், கிளெய்மையே மறுக்க இடம் கொடுக்கிறீர்கள். மாணவர்களின் லேப்டாப்பும் துணியும் உங்கள் பாலிசியில் வராது. அவர்களைத் தனியே ரென்டர்ஸ் இன்சூரன்ஸ் எடுக்கச் சொல்லுங்கள்.

ஓக்காலா: வீட்டை வேறு நிலத்துக்கு மாற்றப் போகிறோம். வழியில் ஏதாவது ஆனால்?

வழக்கமான பாலிசி பயணத்தைத் தாங்காது. 'ட்ரிப் கொலிஷன்' என்று தனியாகச் சேர்க்க வேண்டும். இழுத்துச் செல்லும் கம்பெனியின் காப்பீட்டுச் சான்றையும் வாங்குங்கள். புது இடத்தில் மறுபடி ஆங்கர் செய்ததற்கான சான்று வரும்வரை கவரேஜ் எப்படி என்பதை ஏஜென்டிடம் மின்னஞ்சலில் கேட்டு வையுங்கள்.

சென்ட் பீட்டர்ஸ்பர்க்: பிரீமியம் கட்டத் தவறிவிட்டேன். கடன் கொடுத்தவர்களே இன்சூரன்ஸ் போட்டுவிட்டார்கள். நல்லதுதானே?

இல்லை. அது ஃபோர்ஸ்-பிளேஸ்டு இன்சூரன்ஸ். காப்பது அவர்கள் கொடுத்த கடனை. உங்கள் பொருளோ உங்கள் லையபிலிட்டியோ பெரும்பாலும் அதில் இருக்காது, விலையும் அதிகம். உங்கள் பெயரில் புதுப் பாலிசி எடுத்து அதன் சான்றை அனுப்பினால் அவர்கள் போட்டதை நீக்க வேண்டும், இரண்டும் ஓடிய நாட்களுக்கு வாங்கியதையும் திருப்பித் தர வேண்டும். வேறு கம்பெனி கிடைக்கவில்லை என்றால் மாநிலத்தின் சிட்டிசன்ஸ் கார்ப்பரேஷனில் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். மொபைல் ஹோமுக்கும் அவர்கள் எழுதுகிறார்கள்.

ரிவர்வியூ: சேதத்தைச் சொல்ல எத்தனை நாள் இருக்கிறது? கம்பெனி பதிலே தரவில்லை.

2022 டிசம்பரில் சட்டம் மாறியது. அதற்குப் பிறகு எடுத்த பாலிசிகளில், சேதம் நடந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் தெரிவிக்க வேண்டும். விடுபட்டதைச் சேர்க்க 18 மாதம். நீங்கள் தெரிவித்ததிலிருந்து 60 நாளுக்குள் கம்பெனி பணம் தர வேண்டும் அல்லது மறுக்க வேண்டும். இழுத்தடித்தால் மாநில நிதிச் சேவைத் துறையின் மத்தியஸ்தத்தைக் கேளுங்கள், அதன் செலவு கம்பெனியுடையது. ஈரமான தரைவிரிப்பைத் தூக்கிப் போடும் முன் போட்டோவும், ஒரு துண்டும் எடுத்து வையுங்கள்.

தாம்பா, யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர்: புதுப் பட்டை எல்லாம் போட்டாச்சு. புயலுக்கு வீட்டிலேயே இருக்கலாம்தானே?

ஐயா, தயவுசெய்து இருக்காதீர்கள். இந்த மாநிலத்தில் மொபைல் ஹோமில் இருப்பவர்கள் எந்த வெளியேற்ற மண்டலத்தில் (காற்று மண்டலம் இல்லை) இருந்தாலும் வெளியேற வேண்டும் என்றுதான் கவுன்டிகள் அறிவிக்கும். பட்டை வீட்டைப் பிடிக்கும், பறந்து வரும் பலகையைப் பிடிக்காது. அரசு கட்டாயமாக வெளியேறச் சொன்ன நாட்களின் தங்கும் செலவைச் சில பாலிசிகள் தரும். உங்களுடையதைப் படம் எடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். எதற்கும் ஹோட்டல், சாப்பாட்டு ரசீதுகளை வீசாமல் வைத்திருங்கள். மருந்து, கண்ணாடி, வீட்டு டைட்டில் மூன்றையும் ஒரே பையில் போட்டு வையுங்கள். போக இடம் இல்லையென்றால் எங்கள் வீட்டில் ஓர் அறை இருக்கிறது.