பள்ளி சீனியரிடம் என்ன கேட்கலாம், எப்படிக் கேட்கலாம்? – கேள்வி பதில்

ஒரு பழைய மாணவர் சங்கத்தில் பன்னிரண்டு வருடமாகத் தொடர்பாளராக இருக்கிறேன். சம்பளம் கிடையாது. படிப்பை முடித்துவிட்டு அடுத்து என்ன என்று நிற்கும் பிள்ளையை, அதே வழியில் நாலு வருடம் முன்னால் போனவரோடு பேச வைப்பது என் வேலை. கேள்விகள் நிறைய வந்தன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி (கல்லூரி கடைசி வருட மாணவர்): அக்கா, எங்க ஸ்கூல் பழைய மாணவர் வாட்ஸ்அப் குரூப்புல 400 பேர் இருக்காங்க. ரெஸ்யூமைப் போட்டு "ஏதாவது வேலை இருந்தா சொல்லுங்க"ன்னு கேட்டேன். பதினோரு பேர் கட்டைவிரலைக் காட்டினாங்க, அதோட சரி. பெரிய பெரிய பதவியில இருக்கறவங்க எல்லாம் அதுல இருக்காங்க. ஒருத்தருக்கும் மனசு இல்லையா?

பதில்: மனசு இருக்கிறது தம்பி. என்ன செய்யச் சொல்கிறீர்கள் என்பதுதான் உங்கள் செய்தியில் இல்லை. "ஏதாவது வேலை" என்றதும் படிக்கிறவருக்கு எதுவுமே நினைவுக்கு வராது. "கிடங்கு மேலாண்மையில் யாராவது இருக்கிறீர்களா?" என்று கேட்டிருந்தால், அந்தத் துறையில் இல்லாதவருக்குக்கூடத் தன் மைத்துனர் முகம் நினைவுக்கு வந்திருக்கும். இன்னொன்று, 400 பேரிடம் பொதுவாகக் கேட்டால் மற்ற 399 பேர் பார்த்துக்கொள்வார்கள் என்று ஒவ்வொருவரும் நினைப்பார்கள். நானும் அப்படி நினைத்துக் கடந்து போனவள்தான்.

பெரிய பதவிக்காரர்களைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். புதிதாக வரும் எல்லாரும் முதலில் அவர்களைத்தான் தேடுகிறார்கள். அவர் முதல் வேலையில் சேர்ந்து 25 வருடம் ஆகியிருக்கும். இன்று புதியவர்களுக்கு என்ன தேர்வு வைக்கிறார்கள், எத்தனை சுற்று, ப்ராஜெக்ட்டைப் பற்றி எவ்வளவு குடைகிறார்கள் என்று அவருக்குத் தெரியாது. போன வருடமோ அதற்கு முந்தைய வருடமோ சேர்ந்த உங்கள் சீனியருக்கு அது அத்தனையும் அத்துப்படி. பல நிறுவனங்களில் ரெஃபரல் கொடுக்க, அதாவது அங்கே வேலை பார்ப்பவர் தெரிந்த ஒருவரைப் பரிந்துரைக்க, பதவி தேவையில்லை. நேற்றுச் சேர்ந்தவரும் உள் இணையதளத்தில் ஒரு பெயரைப் பதியலாம். சில இடங்களில், அப்படிப் பரிந்துரைக்கப்பட்டவர் வேலையில் சேர்ந்தால், பரிந்துரைத்தவருக்கு ஊக்கத்தொகையும் உண்டு. உங்களை விட இரண்டு முதல் ஐந்து வருடம் மூத்தவர்களாகப் பார்த்து ஆறு பேரைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதுங்கள்.

கேள்வி: எழுதச் சொல்றீங்க சரி, என்னன்னு எழுதறது? "ஹாய் அக்கா" போட்டுட்டு பதிலுக்குக் காத்திருந்தேன். ப்ளூ டிக் விழுந்துச்சு, பதில் வரலை.

பதில்: "ஹாய்" என்று கதவைத் தட்டிவிட்டு வாசலில் பேசாமல் நின்றால் உள்ளே இருப்பவர் என்ன செய்வார்? வந்த விஷயத்தை முதல் செய்தியிலேயே சொல்லிவிடுங்கள். முன்பு ஒரு பெண் அனுப்பியதை, ஆள் அடையாளம் தெரியாதபடி மாற்றித் தருகிறேன்:

"வணக்கம் அக்கா. நம் பள்ளியில் 2021இல் படிப்பை முடித்தேன். நீங்கள் காப்பீட்டுத் துறையில் இருப்பதைச் சங்கப் பட்டியலில் பார்த்தேன். நான் வணிகவியல் கடைசி வருடம். க்ளெய்ம் பிரிவில் சேரலாமா என்று யோசிக்கிறேன். அந்த வேலையில் முதல் வருடம் எப்படி இருக்கும் என்று ஒரு 15 நிமிடம் போனில் கேட்கலாமா? இந்த வாரம் மாலை 7 மணிக்கு மேல் எந்த நாளும் எனக்குச் சரி. நேரம் இல்லையென்றாலும் பரவாயில்லை."

இதில் வேலை கேட்கவில்லை, ரெஸ்யூமும் இணைக்கவில்லை. கேட்டது கால்மணி நேரம். அதைத் தர யாருக்கும் பெரிதாகத் தயக்கம் இருக்காது. அந்தப் பதினைந்து நிமிடம் நன்றாகப் போனால் "உன் ரெஸ்யூமை அனுப்பு பார்க்கலாம்" என்பதை அவரே சொல்வார். பதில் வராவிட்டால் ஒரு வாரம் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல். அதற்கும் பதில் இல்லையா, அடுத்தவரிடம் போங்கள். மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: பேச ஆரம்பிச்சா எனக்கு வாய் வராது. போன்ல என்ன கேக்கணும்?

பதில்: அவர் செய்த தப்பைக் கேளுங்கள். "சேர்ந்த புதிதில் தெரியாமல் செய்த தப்பு எது? முன்பே யாராவது சொல்லியிருக்கலாமே என்று எதை நினைக்கிறீர்கள்?" இந்தக் கேள்விக்குப் பிறகு நீங்கள் பேச வேண்டியதே இருக்காது. நேற்றைய வேலை நாள் காலையிலிருந்து எப்படிப் போனது என்றும் கேளுங்கள். முடிக்கும்போது "இதைப் பற்றி நான் இன்னும் யாரிடம் பேசலாம்?" என்பதை மறக்காதீர்கள். ஒரு பெயர் கிடைத்தால் அடுத்த அழைப்பு தயார். சம்பளத்தை முதல் போனிலேயே கேட்க வேண்டாம். கேட்டே ஆக வேண்டுமென்றால், புதியவர்களுக்குப் பொதுவாக எவ்வளவு என்று கேளுங்கள், அவருடையதை அல்ல.

கேள்வி (பட்டதாரி): என் உயிர் நண்பர்களே எனக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை. பத்து வருடமாகப் பேசாத ஒரு பள்ளி சீனியர் செய்துவிடுவாரா?

பதில்: அவர்தான் செய்வார். கேட்க விசித்திரமாக இருக்கும். உயிர் நண்பர்கள் நீங்கள் இருக்கும் இடத்தில்தான் இருக்கிறார்கள். உங்களுக்குத் தெரிந்த காலியிடம்தான் அவர்களுக்கும் தெரியும். தூரத்தில் இருப்பவருக்குத்தான் உங்கள் காதுக்கு எட்டாத செய்தி எட்டும்.

இதை ஆய்வாக எழுதியவர் அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர், 1973இல். பாஸ்டன் நகருக்குப் பக்கத்தில் உள்ள நியூட்டனில் புதிதாக வேலை மாறியவர்களிடம் விசாரித்தார். தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில், அந்தத் தெரிந்தவரை அடிக்கடி பார்த்துவந்தவர்கள் 16.7 சதவீதம்தான். எப்போதாவது பார்த்தவர்கள் 55.6 சதவீதம். வருடத்துக்கு ஒரு முறையோ அதற்கும் குறைவாகவோ பார்த்தவர்கள் 27.8 சதவீதம். அவர் நேரில் விசாரித்தது சிறு எண்ணிக்கையினரைத்தான். ஆனால் 2022இல் லிங்க்ட்இன் பயனர்கள் 2 கோடிப் பேருக்கு மேல் வைத்து 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வும் ஏறக்குறைய அதே பக்கம்தான் சாய்ந்தது. ஒரு சின்னத் திருத்தத்தோடு: மிகத் தூரத்துத் தொடர்பும் அவ்வளவாக உதவவில்லை, மிக நெருங்கியவரும் அவ்வளவாக இல்லை. நடுவில் இருப்பவர்தான் அதிகம் உதவினார். உங்கள் இருவருக்கும் பொதுவாகத் தெரிந்தவர்கள் சிலர் இருப்பார்கள், ஆனால் தினமும் பேசாதவர். பள்ளி சீனியர் என்றால் வேறு யார்?

கல்லூரித் தொடர்பை விடப் பள்ளித் தொடர்பு எனக்குப் பிடிப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கல்லூரி வகுப்பில் அறுபது பேரும் ஒரே துறை. பள்ளி வகுப்பில் ஒருத்தி செவிலியர், ஒருவன் லாரி வைத்திருக்கிறான், ஒருவன் கணக்குத் தணிக்கை, ஒருத்தி வழக்கறிஞர். துறை மாற நினைப்பவர்கள் பள்ளிப் பட்டியலைத்தான் முதலில் திறக்க வேண்டும்.

கேள்வி: நேராக் கேக்கறேன். இது சிபாரிசுதானே? தெரிஞ்சவங்க இருக்கறவன் உள்ள போறான், இல்லாதவன் வெளியில நிக்கறான்.

பதில்: பாதிக்கு ஒத்துக்கொள்கிறேன். தகுதி இல்லாதவரை உள்ளே தள்ளினால் அது சிபாரிசு, அதை எங்கள் சங்கம் செய்யாது. ரெஃபரல் உங்கள் ரெஸ்யூமை ஒரு மனிதக் கண் பார்க்கும்படி செய்யும். நேர்காணலில் உட்காரப்போவது நீங்கள்தான்.

உங்கள் கோபத்தின் மறு பாதியில் நியாயம் இருக்கிறது. வசதியான பிள்ளைகளுக்கு அப்பாவின் நண்பர்களே சங்கம் மாதிரி. பணக்காரப் பள்ளிகளில் பழைய மாணவர் அலுவலகமே தனியாக இயங்கும். பொருளியலாளர் ராஜ் செட்டியின் குழு 2022இல், அமெரிக்காவில் 7.2 கோடி ஃபேஸ்புக் பயனர்களின் நட்பை ஆராய்ந்தது. ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும், வசதியான பிள்ளைகளுக்கு இருக்கும் அளவுக்கு வசதியான நண்பர்கள் இருந்தால், பின்னாளில் அவர்கள் வருமானம் சராசரியாக 20 சதவீதம் உயரும் என்று கணக்கிட்டது. அப்படியானால் இந்தச் சங்கம் அதிகம் தேவைப்படுவது எந்தப் பள்ளிக்கு? பிரிட்டனில் ஃபியூச்சர் ஃபர்ஸ்ட் என்ற தொண்டு நிறுவனம் அரசுப் பள்ளிகளுக்குப் பழைய மாணவர் வலையமைப்பைக் கட்டித் தருவதையே வேலையாகச் செய்கிறது.

கேள்வி: எங்கள் பள்ளி சின்னது. சங்கம் எல்லாம் இல்லை.

பதில்: பதிவு, தலைவர், பொருளாளர் என்று ஆரம்பித்தால் தேர்தல் சண்டையில் முடியும். பார்த்திருக்கிறேன். ஓர் எக்செல் தாள் போதும். பெயர், முடித்த வருடம், இப்போது செய்யும் வேலை, "மாதம் ஒருவரோடு பேசத் தயாரா?" என்று நாலு பத்தி. உங்கள் செட்டில் தொடங்கி, மேலே மூன்று செட் வரை போங்கள். ரொம்ப நாள் இருந்த ஓர் ஆசிரியரைப் பிடித்தால் பாதித் தாள் ஒரே மாலையில் நிரம்பும். யார் எங்கே இருக்கிறார்கள் என்று அவர்களுக்குத்தான் தெரியும். லிங்க்ட்இன்னில் உங்கள் பள்ளிக்குப் பக்கம் இருந்தால், அதன் முன்னாள் மாணவர் பகுதியில் ஊர், நிறுவனம், வேலை வாரியாகப் பிரித்தும் பார்க்கலாம். போன் எண்ணை மட்டும், உரியவரிடம் கேட்காமல் தாளில் போடாதீர்கள்.

கேள்வி (பள்ளி ஆசிரியர்): மேடம், வருடத்துக்கு ஒரு முறை பெரிய அதிகாரியாக இருக்கும் பழைய மாணவரை அழைத்துப் பேச வைக்கிறோம். பிள்ளைகள் கை தட்டுகிறார்கள். அதன் பிறகு ஒன்றும் நடப்பதில்லை.

பதில்: சார், அந்த மேடையைக் கொஞ்சம் சின்னதாக்குங்கள். ஒரு பெரியவருக்குப் பதில், பள்ளியை விட்டு ஐந்தாறு வருடம் ஆன நாலு பேர். ஆளுக்குப் பத்துப் பிள்ளைகள், வட்டமாக உட்கார்ந்து பேசட்டும். வெல்டிங் வேலைக்குப் போனவரும் அதில் இருக்கட்டும். அதையும் வருடத்துக்கு ஒரு முறையோடு விட வேண்டாம். பிரிட்டனில் ஆண்டனி மான் என்ற ஆய்வாளர் 2012இல் வெளியிட்ட ஆய்வில், பள்ளி நாட்களில் வேலை உலகத்து மனிதர்களை நாலு முறையோ அதற்கு மேலோ சந்தித்ததாகச் சொன்ன இளைஞர்களுக்கு, ஒரு முறைகூடச் சந்திக்காதவர்களை விட, படிப்பும் வேலையும் இல்லாமல் இருக்கும் வாய்ப்பு ஐந்து மடங்கு குறைவாக இருந்தது. எல்லாமே அந்தச் சந்திப்பால்தான் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒன்று போதாது என்பது எங்கள் அனுபவத்துக்கும் ஒத்துவருகிறது.

கேள்வி (எட்டு வருடமாக வேலையில் இருப்பவர்): முன்பின் தெரியாத பிள்ளைகள் ரெஃபரல் கேட்கிறார்கள். கொடுத்தால் என் பேர் கெடுமோ என்று பயம். மறுத்தால் பாவமாக இருக்கிறது.

பதில்: "உன்னோடு பேசாமல் பரிந்துரைக்க மாட்டேன், பேசத் தயார்" என்று எல்லாருக்கும் ஒரே பதில் வைத்துக்கொள்ளுங்கள். பாதிப் பேர் அதோடு நின்றுவிடுவார்கள். வருகிறவர்களுக்குப் பரிந்துரைக்க முடியாவிட்டாலும், ரெஸ்யூமில் எந்த வரி பலவீனம் என்று சொல்லிவிட்டாலே பெரிய உதவி.

கேள்வி: குரூப்ல ஒரு சீனியர், முன்பணம் கட்டினா வேலை உறுதின்னு சொல்றார்.

பதில்: கட்டாதீர்கள். வேலைக்குப் பணம் கேட்டால் அவர் சீனியராக இருந்தாலும் ஒன்றுதான், யாராக இருந்தாலும் ஒன்றுதான். அட்மினிடம் இன்றே சொல்லுங்கள், உங்களுக்கு முன்னால் யாராவது கட்டியிருக்கலாம்.

கேள்வி: அக்கா, ஒரு சீனியர் அண்ணா மூலமா வேலை கிடைச்சிருக்கு. அடுத்த வாரம் சேர்றேன். அவருக்கு ஏதாவது பரிசு வாங்கிக் கொடுக்கலாமா?

பதில்: சந்தோஷம்! பரிசு வேண்டாம். ஒரு மாதம் வேலை பார்த்தபின், அங்கே எப்படி இருக்கிறது, அவர் சொன்னதில் எது சரியாக இருந்தது, எது இப்போது மாறிவிட்டது என்று அவருக்கு நாலு வரி எழுதுங்கள். வேலை கிடைத்ததும் காணாமல் போகிறவர்கள்தான் அதிகம், அவருக்கும் அது பழகியிருக்கும். எனக்கும் ஒரு வரி போடுங்கள். அந்த எக்செல் தாளில் உங்கள் பெயருக்கு நேரே, கடைசிப் பத்தி இன்னும் காலியாக இருக்கிறது.