அந்த மருந்து உடம்புக்குக் குடுக்கற மருந்து இல்ல

வணக்கம் அக்கா,
என் ஃப்ரெண்ட் எல்லாரையும் லீவு போடு, ரெஸ்ட் எடுன்னு சொல்லிட்டே இருப்பான், அவன் மட்டும் போடமாட்டான். போன வாரம் உடம்பு முடியாம ஒருவழியா லீவு போட்டான். சந்தோஷத்துல 'டேஸ்ட் ஆஃப் யுவர் ஓன் மெடிசின்'னு மெசேஜ் அனுப்பினேன், அதுலேர்ந்து பேசறதில்ல. நீ சொன்ன மருந்தை நீயே சாப்பிட்டியேன்னுதானே அர்த்தம்?

அன்புள்ள தம்பி,
வார்த்தையா பிரிச்சா நீங்க நினைச்சதுதான் வரும், ஆனா ஒருத்தர் மத்தவங்களுக்குக் குடுத்த கஷ்டத்தை அப்படியே அவருக்கே திருப்பிக் குடுக்கறப்பதான் இதைச் சொல்வாங்க. எப்பவும் எல்லாரையும் காக்க வைக்கறவரை ஒருநாள் நாம காக்க வெச்சா, அங்க பொருந்தும். முடியாம படுத்திருக்கறவருக்கு அது 'நல்லா வேணும் உனக்கு'ன்னுதான் கேட்டிருக்கும்.

இதுக்கு மூலம்னு பலரும் காட்டறது ஈசாப் கதை ஒண்ணு, ரோமானியக் கவிஞர் ஃபீட்ரஸ் லத்தீன்ல சொன்ன விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். தொழில் ஓடாத செருப்புத் தைக்கறவன் ஒருத்தன் வேற ஊருக்குப் போய் விஷமுறிவுன்னு போலி மருந்து வித்துப் பெரிய வைத்தியன்னு பேர் வாங்கிடறான். நோயில கிடக்கற ராஜா அவனைச் சோதிக்க, அந்த மருந்துல விஷம் கலக்கற மாதிரி வெறும் தண்ணியை ஊத்தி, நீயே குடி, பரிசு தரேங்கறார். உயிர்பயத்துல உண்மையைச் சொல்லிடறான். உடனே ராஜா ஜனங்களைக் கூப்பிட்டு, காலுக்குச் செருப்புத் தைக்கக்கூட யாரும் நம்பாதவன்கிட்ட உங்க தலையையே ஒப்படைச்சீங்களேன்னு கேக்கறார். அந்தக் கேள்விக்காகவே நான் திரும்பத் திரும்பப் படிப்பேன்.

தமிழ்ல இதுக்கு 'தன் வினை தன்னைச் சுடும்'னு போடறாங்க, எனக்கு அது சரியா படல. குறள் 319ல, மத்தவங்களுக்குச் செஞ்ச கெடுதல் 'பிற்பகல் தாமே வரும்'னு இருக்கு பாருங்க, அங்க யாரும் கொண்டுவந்து குடுக்கறதில்ல, தானா வருது. இங்கிலீஷ்ல மருந்து ஊட்டற ஸ்பூன் எதிராளி கையில இருக்கு, உங்க மெசேஜ்ல அது உங்க கையில இருந்த மாதிரி ஆயிடுச்சு, அவருக்கு வலிச்சது அதுதான்னு நினைக்கறேன்.

பைபிள்ல லூக்கா 4:23ல 'வைத்தியனே, உன்னைத்தானே குணமாக்கிக்கொள்'னு வரும், நீங்க சொல்ல வந்ததுக்குக் கிட்டத்துல வருது, ஆனா அதுலயும் குத்தல் இருக்கு, தயவுசெஞ்சு அதையும் அனுப்பிடாதீங்க. போன் போட்டு, இதைத் தப்பா புரிஞ்சுக்கிட்டு அனுப்பிட்டேன், நீ ரெஸ்ட் எடுக்கறது எனக்கு நிம்மதியா இருக்குடான்னு தமிழ்லயே சொல்லுங்க. இன்னிக்கே.