சென்சார் ஒன்று சொல்கிறது, விரல் ஒன்று சொல்கிறது: கேள்வி பதில்

எனக்கு டைப் 1 சர்க்கரை நோய். தோலில் ஒட்டிக்கொண்டு ரத்தச் சர்க்கரையைத் தொடர்ந்து காட்டும் சென்சார் கையில் இல்லாத நாள், பல ஆண்டுகளாகவே எனக்கு அரிது. நான் மருத்துவர் இல்லை. இன்சுலின் அளவை மாற்றுவதை உங்கள் மருத்துவரிடமே பேசுங்கள். ரீடிங் ஏன் மாறுகிறது, அதை எப்போது நம்பலாம் என்பதில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். எண்கள் எல்லாம் மி.கி./டெ.லி. கணக்கு. மில்லிமோலில் பார்ப்பவர்கள் 18ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சென்சார் ஒட்டி மூன்று நாள் ஆகிறது. சாப்பிட்டு முக்கால் மணி நேரத்தில் சென்சாரில் 148, விரலில் குத்தினால் 181. எது பொய் அக்கா?

இரண்டும் பொய் இல்லை. விரலில் குத்திப் பார்க்கும் மீட்டர் ரத்தத்தை அளக்கிறது. சென்சாரின் இழையோ தோலுக்குக் கீழே, செல்களுக்கு நடுவில் ஊறியிருக்கும் நீரில் நிற்கிறது. சர்க்கரை முதலில் ரத்தத்தில் ஏறும். பிறகுதான் நுண்குழாய்களின் சுவர் வழியாகக் கசிந்து அந்த நீருக்கு வரும். அதற்கு ஐந்து முதல் பத்து நிமிடம் பிடிக்கும், சில சமயம் கூடுதலாகவும்.

உங்கள் எண்ணையே எடுத்துக்கொள்வோம். சாப்பாட்டுக்குப் பின் நிமிடத்துக்கு 3 வீதம் ஏறுகிறது என்றால் பத்து நிமிடத்தில் 30 ஏறிவிடும். உங்களுக்கு வந்த வித்தியாசம் 33. அதாவது உங்கள் சென்சார் பத்து நிமிடத்துக்கு முந்தைய நிலவரத்தைச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. இறங்கும்போது இது தலைகீழாகும்: ரத்தத்தில் 75 ஆகிவிட்டிருக்கும், சென்சார் இன்னும் 100 என்று நிற்கும். எனக்கு பயம் இந்தப் பக்கத்தில்தான். ஏறும்போது வரும் தாமதம் குழப்பத்தோடு போகும். இறங்கும்போது வரும் தாமதம் ஆளைச் சாய்த்துவிடும்.

சர்க்கரை ஏறுகிறதா இறங்குகிறதா என்று சென்சார் ஒரு அம்புக்குறியில் காட்டும். ஆகவே ஒப்பிட வேண்டுமானால் அந்த அம்புக்குறி படுக்கையாக இருக்கும்போது ஒப்பிடுங்கள். பெரும்பாலான கருவிகளில் படுத்த அம்பு என்றால் நிமிடத்துக்கு 1க்கும் குறைவான மாற்றம். சாப்பாட்டுக்கு முன்னால், உடற்பயிற்சியோ இன்சுலினோ வேலை செய்துகொண்டிருக்காத நேரம் சரியான நேரம். "சென்சார் தப்பு" என்று என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் ஒப்பிட்ட நேரம்தான் தப்பு.

கேள்வி: படுத்த அம்பிலும் 20, 25 வித்தியாசம் வருகிறது. எவ்வளவு வரை பொறுக்கலாம்?

முதலில் மீட்டரே உரைகல் இல்லை. மீட்டர்களுக்கான ஐ.எஸ்.ஓ. 15197 என்ற 2013 தரவிதி, 100க்குக் கீழே 15 புள்ளியும் 100க்கு மேலே 15 விழுக்காடும் முன்பின் இருக்க இடம் கொடுக்கிறது. 100 ரீடிங்கில் 95 அதற்குள் வந்தால் போதும். உண்மையில் 200 இருந்தால் உங்கள் மீட்டர் 170 காட்டினாலும் 230 காட்டினாலும் அது தேறிய மீட்டர்தான்.

சென்சாருக்கு எம்.ஏ.ஆர்.டி. என்ற அளவைச் சொல்வார்கள். ஆய்வுக்கூட முடிவிலிருந்து சராசரியாக எத்தனை விழுக்காடு விலகுகிறது என்பது அது. லிப்ரே 3 என்ற சென்சாருக்கு 7.9, டெக்ஸ்காம் ஜி7 என்ற சென்சாருக்குப் பெரியவர்கள் கையில் ஒட்டியபோது 8.2. அது சராசரி என்பதை மறக்காதீர்கள்; ஒரு ரீடிங் 2 விழுக்காடு விலகும், அடுத்தது 18 விலகும்.

நான் வைத்திருக்கும் கணக்கு: மீட்டரில் 80க்கு மேல் இருந்தால் 20 விழுக்காட்டுக்குள், 80க்குக் கீழே என்றால் 20 புள்ளிக்குள். அதற்குள் இருந்தால் விட்டுவிடுவேன். தாண்டினால் ஒரு மணி நேரம் கழித்து மறுபடி பார்ப்பேன். மூன்று முறையும் தாண்டினால்தான் சென்சார் மேல் சந்தேகம்.

குத்துவதற்கு முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடையுங்கள். ஒருமுறை பழம் உரித்த கையோடு அப்படியே குத்தினேன், 290 வந்தது. சென்சாரில் 130தான். இன்சுலின் பேனாவை எடுத்துவிட்டேன். என்னவோ தோன்ற, கை கழுவிவிட்டு வேறு விரலில் குத்தினேன். 126. விரல் நுனியில் ஒட்டியிருந்த சாற்றுக்கு ஊசி போடப் பார்த்திருக்கிறேன். இன்று நினைத்தாலும் உடம்பு பதறுகிறது. ஸ்ட்ரிப் டப்பாவைத் திறந்தபடி வைப்பதும் காலாவதியான ஸ்ட்ரிப்பும் இதே வேலையைச் செய்யும்.

கேள்வி: ராத்திரி இரண்டு மணிக்கு சென்சார் அலாரம் அடிக்கிறது, 52. எழுந்து குடிக்கக் கொடுத்தால் காலையில் 240. கணவருக்கு வியர்வையோ நடுக்கமோ இல்லை. வாரத்தில் மூன்று நாள் இப்படி.

அவர் எந்தப் பக்கம் படுக்கிறார் என்று பாருங்கள் அம்மா. சென்சார் இருக்கும் கையை அழுத்திப் படுத்தால் அந்த இடத்தில் திரவமும் ரத்த ஓட்டமும் குறைகிறது. ரீடிங் பொய்யாக இறங்குகிறது. வரைபடத்தில் அடையாளம் தெரியும்: சீராகப் போகிற கோடு கிணற்றில் கல் விழுந்த மாதிரி நேராக இறங்கும், புரண்டு படுத்த சற்று நேரத்தில் அதே மாதிரி மேலே வந்துவிடும். உண்மையான இறக்கம் பெரும்பாலும் சரிவாக வரும்.

அலாரம் அடித்தால் அவரைப் புரட்டிப் படுக்க வையுங்கள், உடனே விரலில் குத்துங்கள். மீட்டர், ஸ்ட்ரிப், குத்தும் ஊசியான லான்செட் மூன்றும் தலைமாட்டில் இருக்க வேண்டும். குத்த முடியவில்லை, அல்லது ஆள் குழப்பமாகப் பேசுகிறார், வியர்க்கிறது என்றால் யோசிக்கவே வேண்டாம், சர்க்கரை கொடுத்துவிடுங்கள். அடுத்த சென்சாரை அவர் படுக்காத பக்கக் கையில் ஒட்டுங்கள்.

கேள்வி: சளிக்கு வைட்டமின் சி மாத்திரை போடுகிறேன். இரண்டு நாளாக எல்லாமே அதிகமாகக் காட்டுகிறது. தொடர்பு உண்டா?

இருக்கலாம். லிப்ரே 2, லிப்ரே 3 போடுகிறவர்கள் நாளுக்கு 500 மி.கி.க்கு மேல் வைட்டமின் சி எடுத்தால் ரீடிங் பொய்யாக உயரலாம். பிளஸ் என்று வரும் வகைகளில் அந்த வரம்பு 1000. சத்து மாத்திரை, கரைத்துக் குடிக்கும் பொடி எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள்.

பாராசிட்டமால் கதை வேறு. டெக்ஸ்காமின் பழைய ஜி5 போன்றவற்றில் அது ரீடிங்கை ஏற்றிவிடும். ஜி6, ஜி7இல் ஆறு மணி நேரத்துக்கு ஒரு கிராம் வரை பாதகமில்லை. ஹைட்ராக்சியூரியா என்ற மருந்தை எடுப்பவர்களுக்கு டெக்ஸ்காம் ரீடிங் பொய்யாக உயரும். அவர்கள் அதை நம்பி இன்சுலின் போடக்கூடாது. உங்கள் கருவியோடு வரும் தாளில் இந்தப் பட்டியல் இருக்கும். எல்லோரும் தூக்கிப்போடும் அந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள்.

கேள்வி: முதல் நாள் மட்டும் தாறுமாறாக இருக்கிறது. ஒட்டுவதில் தவறா?

பெரும்பாலும் இல்லை. இழை உள்ளே போனதும் உடம்பு அதை ஒரு சின்னக் காயமாகப் பார்க்கிறது. அந்த வீக்கம் தணியும்வரை, முதல் 24 மணி நேரம், ரீடிங் ஆடும். அன்று இன்சுலின் போடும் முன் விரலையும் கேளுங்கள்.

இடம் முக்கியம். தழும்பு, மச்சம், இன்சுலின் போட்டுப் போட்டுத் தடித்த இடம் வேண்டாம். ஒவ்வொரு முறையும் இடம் மாற்றுங்கள். ஒட்டும் முன் லோஷன் தடவாதீர்கள். ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, முழுதும் காய்ந்த பிறகு ஒட்டுங்கள். துளி ரத்தம் வந்தால் பயமில்லை. நிற்காமல் கசிந்தால் அந்தச் சென்சார் சரியாக வேலை செய்யாது, மாற்றிவிடுங்கள்.

கேள்வி: என் கருவியில் காலிபரேஷன் செய்யும் வசதி, அதாவது மீட்டர் எண்ணைக் கொடுத்துச் சென்சாரைத் திருத்தும் வசதி இருக்கிறது. வித்தியாசம் வரும்போதெல்லாம் மீட்டர் எண்ணைக் கொடுத்துவிடுகிறேன். சரிதானே?

வேண்டாம் தம்பி. சாப்பிட்டு ஏறிக்கொண்டிருக்கும்போது கொடுத்தால், தாமதத்தைக் கோளாறு என்று கருவி நினைத்துத் தன்னைத் திருத்திக்கொள்ளும். அப்புறம் ஏற்றம் நின்ற பின்னும் 30 கூட்டியே காட்டும். படுத்த அம்பு, கழுவிய கை, 20 விழுக்காட்டைத் தாண்டிய வித்தியாசம் மூன்றும் சேர்ந்தால் ஒருமுறை கொடுங்கள், அப்புறம் பல மணி நேரம் தொடாதீர்கள்.

கேள்வி: சென்சார் செயலியில் ஜி.எம்.ஐ. 6.8. ரத்தப் பரிசோதனையில் எச்பிஏ1சி 7.5. ஏன் இந்த வித்தியாசம்?

ஜி.எம்.ஐ. என்பது உங்கள் சென்சார் சராசரியிலிருந்து போடும் கணக்கு: சராசரியை 0.02392ஆல் பெருக்கி 3.31ஐக் கூட்டுவார்கள். எச்பிஏ1சி சிவப்பணுவில் ஒட்டிய சர்க்கரை. இரும்புச்சத்துக் குறைவு போல சிவப்பணுவைப் பாதிக்கும் எதுவும் அதை மாற்றும். இரண்டு தாளையும் மருத்துவர் முன் சேர்த்து வையுங்கள். கூடவே 70 முதல் 180க்குள் எவ்வளவு நேரம் இருந்தீர்கள் என்றும் கேளுங்கள். பெரும்பாலான பெரியவர்களுக்கு 70 விழுக்காட்டுக்கு மேல் என்பது 2019இல் சர்வதேச அளவில் ஒப்புக்கொண்ட இலக்கு.

கேள்வி: ஊசியே இல்லாமல் சுகர் காட்டும் ஸ்மார்ட்வாட்ச் வாங்கலாமா?

வாங்காதீர்கள். தோலைத் துளைக்காமல் தானே சர்க்கரை அளக்கும் கடிகாரம், மோதிரம் எதற்கும் அனுமதி தரவில்லை என்று அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. சென்சாரின் எண்ணை வாங்கித் திரையில் காட்டும் கடிகாரம் வேறு, அது சரி.

கேள்வி: மகளுக்கு எட்டு வயது. சர்க்கரை லோ ஆகி (மிகவும் இறங்கி) குளுக்கோஸ் கொடுத்துப் பதினைந்து நிமிடம் ஆன பிறகும் சென்சார் 58 என்றே காட்டுகிறது. மறுபடி கொடுக்கிறேன், பிறகு 300க்குப் போய்விடுகிறது.

எந்தத் தாய்க்கும் கை அப்படித்தான் போகும். ஆனால் ரத்தத்தில் ஏறிய சர்க்கரை இன்னும் செல்களுக்கு நடுவில் இருக்கும் நீருக்கு வரவில்லை, சென்சார் பழைய கதையையே சொல்லிக்கொண்டிருக்கிறது. லோவிலிருந்து மீளும் நேரத்தில் மட்டும் அதை ஓரமாக வைத்துவிட்டு, பதினைந்தாவது நிமிடம் குழந்தையின் விரலில் குத்துங்கள். மீட்டரில் 70க்குக் கீழே என்றால் மருத்துவர் சொன்ன அளவை மறுபடி கொடுங்கள். 70ஐத் தாண்டியிருந்தால் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்காருங்கள். சற்று நேரத்தில் சென்சாரின் அம்பும் மேலே திரும்பும்.