துப்பாக்கி வேண்டாம் என்ற வாத்தியார்

கேள்வி: போர் கூடாது, போர் கூடாது என்று எழுதுகிறவர்கள் எல்லாம் உள்ளுக்குள் பயந்தாங்கொள்ளிகள். ஆபத்து வீட்டு வாசலுக்கு வந்தால் முதலில் ஓடுவதும் இவர்கள்தான். இல்லை என்று சொல்ல ஒரு ஆளையாவது காட்ட முடியுமா? (வாசகர், கரூர்)

பதில்: ஒருவர் என்ன, இரண்டு பேரைக் காட்டுகிறேன். இரண்டு பேரும் லண்டனை ஒட்டிய ஒரு ஆண்கள் பள்ளியில் ஒன்றாக வேலை பார்த்த வாத்தியார்கள்.

முதல் ஆள் ஃபிரான்சிஸ் காமர்ட்ஸ். அப்பா பெல்ஜியக் கவிஞர். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1940இல் "மனசாட்சி இடம் தரவில்லை, பட்டாளத்துக்கு வரமாட்டேன்" என்று முறைப்படி பதிவு செய்துகொண்டு, லிங்கன்ஷயர் பண்ணை ஒன்றில் மண் வெட்டப் போனார். 1941இல் விமானப்படையிலிருந்த தம்பி இறந்தார். அதற்குப் பிறகு மனம் மாறியது. ஜெர்மானியர் பிடித்து வைத்திருந்த நாடுகளில் நாசவேலை செய்ய 1940இல் பிரிட்டன் ரகசியமாகத் தொடங்கிய எஸ்.ஓ.இ. அமைப்பில் 1942இல் சேர்ந்தார். பயிற்சி கொடுத்தவர்களுக்கு இவர் மேல் பெரிய அபிப்பிராயம் இல்லை. துடிப்பு போதாது, தலைவனாக இருக்க லாயக்கில்லை என்கிற மாதிரி எழுதி வைத்தார்கள்.

அந்தத் துடிப்பில்லாத மனிதர் 1943 மார்ச்சில் பிரான்சில் இறங்கியதும் செய்த முதல் காரியம், தன்னை வரவேற்க வந்த கூட்டத்திடமிருந்து விலகியதுதான். அவர்களுடைய அலட்சியம் அவருக்குப் பிடிக்கவில்லை. அந்தக் குழுவினர் சீக்கிரமே ஒவ்வொருவராகப் பிடிபட்டார்கள். தெற்கே போய் 'ஜாக்கி' என்ற ரகசிய ஆட்களின் வலையை அவரே கட்டினார். ஒரே வீட்டில் மூன்று நான்கு இரவுகளுக்கு மேல் தங்கமாட்டார். ஓட்டல் பக்கமே போகமாட்டார். தன் ஆட்களை அவர் தேடிப் போவார், அவர் எங்கே இருக்கிறார் என்பது அவர்களுக்குத் தெரியாது. சினிமாவில் வருகிற ஒற்றர்கள் ஒரே ராத்திரியில் செத்துப்போவது ஏன் என்று இதிலிருந்து புரியும். ஆறடிக்கு மேல் உயரம், பெரிய பாதம், கூட்டத்தில் ஒளியவே முடியாத உருவம். அப்படிப்பட்டவர் பதினேழு மாதம் பிடிபடாமல் இருந்தார்.

1944 ஆகஸ்டில் தென்கிழக்குப் பிரான்சின் டீஞ் ஊருக்குப் பக்கத்தில் மாட்டிக்கொண்டார். காரில் இருந்த மூவரும் ஒருவரை ஒருவர் தெரியாதது போல நடித்தார்கள். ஆனால் அவர்கள் பைகளில் இருந்த பிராங்க் நோட்டுகளின் எண்கள் ஒரே வரிசை! ஒரே கட்டிலிருந்த பணத்தைப் பங்கு போட்டுக்கொண்டதில் வந்த வினை. சுட்டுக்கொல்ல இருந்த நிலையில் காப்பாற்றியவர் அதே அமைப்பில் வேலை பார்த்த கிறிஸ்டின் கிரான்வில் என்ற போலந்துப் பெண். நேச நாட்டுப் படை கரை இறங்கிவிட்டது, நாளைக்கு உன் கழுத்துக்கு யார் பொறுப்பு என்று கெஸ்டபோ என்ற ஜெர்மன் ரகசியப் போலீஸின் ஆட்களையே நேரில் மிரட்டி, இருபது லட்சம் பிராங்க் பணமும் பேசி, மூவரையும் வெளியே கொண்டுவந்தார். (அந்தப் பெண்ணைப் போர் முடிந்ததும் பிரிட்டன் சொற்பப் பணம் கொடுத்து அனுப்பிவிட்டது. கப்பலில் பணிப்பெண்ணாக வேலை பார்த்தார். 1952இல் லண்டனில் கொலையுண்டார். இதற்கும் வீரவணக்கம் என்று பெயர் வைத்துக்கொள்ளலாம்.)

இரண்டாவது ஆள் ஹாரி ரே. இவரும் போரை வெறுத்தவர். பிறகு அதே எஸ்.ஓ.இ.யில் சேர்ந்து பிரான்சுக்குப் போனார். 1943 ஜூலையில் கிழக்குப் பிரான்சின் சோஷோவில் ஜெர்மானியருக்காக ஓடிக்கொண்டிருந்த பியூஜோ கார் தொழிற்சாலை மேல் பிரிட்டிஷ் விமானங்கள் குண்டு போட்டன. குண்டுகள் பெரும்பாலும் ஊருக்குள் விழுந்து நூறு பேருக்கு மேல் செத்தார்கள், தொழிற்சாலை கிட்டத்தட்ட அப்படியே நின்றது. ரே நேராக முதலாளி குடும்பத்து ரொடால்ஃப் பியூஜோவிடம் போனார். "இயந்திரங்களை உள்ளே இருந்தே நாங்கள் உடைக்க நீங்கள் வழிவிட்டால், மேலிருந்து குண்டு விழாமல் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்பதுதான் பேரம். முதலாளி சம்மதித்தார். நவம்பரில் தொழிலாளர்களே வெடி வைத்தார்கள். முக்கிய இயந்திரங்கள் போயின, ஊர் பிழைத்தது. அதே மாதம் ஜெர்மன் போலீஸ்காரன் ஒருவனோடு கைகலந்து, குண்டுக் காயத்தோடு ஆற்றை நீந்திக் கடந்து, சுவிட்சர்லாந்து போய்ச் சேர்ந்தார். ஊரைக் கொல்லாமல் ஆலையை மட்டும் நிறுத்தலாம் என்று யோசித்த தலை, போரை வெறுத்த தலை. இதைக் கொஞ்சம் கவனியுங்கள்.

போருக்குப் பிறகு இருவரும் பள்ளிக்கூடத்துக்கே திரும்பினார்கள். ரே யார்க் பல்கலைக்கழகத்தில் கல்வித்துறைப் பேராசிரியர் ஆனார். காமர்ட்ஸ் ஸ்டீவனேஜில் தலைமையாசிரியர், பிறகு நைரோபியில் பேராசிரியர். 2006இல், 90 வயதில் காலமானார்.

"சரி, இவர்கள்தான் கொள்கையை விட்டுவிட்டார்களே" என்று அடுத்த கடிதம் எழுதுவீர்கள். நியாயம். அப்படியானால் கடைசிவரை துப்பாக்கியைத் தொடாதவர்களைப் பாருங்கள். போரை மறுத்துப் பதிவு செய்த சில நூறு பேர் அதே பிரிட்டனில் ஒரு வேலைக்குத் தாங்களாக முன்வந்தார்கள்: மண்ணில் புதைந்து வெடிக்காமல் கிடந்த ஜெர்மன் குண்டுகளைத் தோண்டி எடுக்கும் வேலை.