அந்தக் கவலை இல்லை

வணக்கம் சார்,

ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் பத்தொன்பது வருஷமாக வேலை. அப்பர் செக்கிங், அதாவது ஷூவின் மேல்பாகத்தைச் சரிபார்க்கும் வேலை. வயது 47. மகள் டொரன்டோ பக்கம் இருக்கிறாள். நவம்பரில் போய் ஆறு மாதம் அவளோடு இருக்கப் போகிறேன். பெரியவர்களுக்கான ஃபிகர் ஸ்கேட்டிங் வகுப்பில் என் பேரைக் கொடுத்துவிட்டாள். சின்ன வயசில் டிவியில் பார்த்து நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றது அவளுக்குத் தெரியும். சந்தோஷமாகத்தான் இருக்கிறது, பயமும் இருக்கிறது. பனிச்சறுக்குக்கு என்ன உடுத்த வேண்டும்? வீடியோவில் எல்லாரும் குட்டைப் பாவாடை போட்டிருக்கிறார்கள். அதைப் போட்டால்தான் உள்ளே விடுவார்களா? சுடிதார் ஆகுமா? எத்தனை ஸ்வெட்டர்? என்ன கலர் எடுப்பாக இருக்கும்? இந்த வயசில் இதெல்லாம் தேவையா என்று நாத்தனார் கேட்கிறார். ஷூவை அங்கேயே வாடகைக்குத் தருவார்களாம், அந்தக் கவலை இல்லை.

ஒரு வாசகி, ராணிப்பேட்டை

*

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் நாத்தனாரை அனுப்பிவிடுவோம். அமெரிக்காவில் பெரியவர்களுக்கென்று தனியாக தேசியப் போட்டி 1995 முதல் நடக்கிறது. ஜெர்மனியில் ஓபர்ஸ்ட்டார்ஃப் என்ற மலையூரில் 2005 முதல் சர்வதேசப் போட்டியே நடக்கிறது. எழுபதைத் தாண்டியவர்கள் இசைக்கு ஆடிவிட்டு மதிப்பெண்ணுக்காகக் காத்து உட்கார்ந்திருக்கிறார்கள். சொல்லிப் பாருங்கள். கேட்கவில்லையென்றால் விட்டுவிடுங்கள், அவர் வரப்போவதில்லை. இன்னொன்று, நீங்கள் எழுதியிருக்கும் பனிச்சறுக்கு மலைச்சரிவில் நீளக் கட்டைகளை மாட்டிக்கொண்டு இறங்குவது. உங்களுடையது கூரைக்குக் கீழே, சமதளமான ஐஸ் மேல், அடியில் பிளேடு பொருத்திய ஷூவில் வழுக்கிப் போவது.

இப்போது உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன். ஸ்கேட்டிங் உடையைப் பற்றிப் பேசுகிற எல்லாரும் முழங்காலுக்கு மேலேயே பேசி முடித்துவிடுகிறார்கள் என்ற எரிச்சல் எனக்குக் கொஞ்ச நாளாகவே உண்டு. பாவாடை நீளம், கல் பதித்த மேல்சட்டை, நிறம். அந்த எரிச்சலின் உச்சியில் உங்கள் கடிதம் வந்து சேர்ந்தது. பத்தொன்பது வருஷம் அப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்த கை உங்களுடையது. தையல் ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் பிடித்துவிடுகிற கண். அப்படிப்பட்டவர், ஊர் பேர் தெரியாத ஆயிரம் பேர் மிதித்து நெளித்த ஷூவுக்குள் காலை விடப்போகிறேன், அந்தக் கவலை இல்லை என்று எழுதலாமா? ஏம்மா, வேறு யாராவது எழுதியிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். பாலாற்றங்கரைக்காரர் எழுதலாமா? ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதனிட்ட காலம் தொட்டு ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று அந்தப் பக்கமே தோலைத் தொட்டுப் பார்த்துத் தரம் சொல்லும். உலகத்துக் காலுக்கெல்லாம் ஷூ தைத்து அனுப்பிவிட்டு ரப்பர் செருப்பில் வீடு திரும்பும் ஊர். தன் காலுக்கு என்று வரும்போது மட்டும் அந்தக் கண் எங்கேயோ போய்விடுகிறது.

குட்டைப் பாவாடை கேட்டீர்கள். அந்தப் பாவாடையும் காலுக்காகக் குட்டையானதுதான். 1902-இல் லண்டனில் நடந்த உலகப் போட்டியில் மேட்ஜ் சையர்ஸ் என்ற பெண் பேர் கொடுத்தார். பெண்கள் வரக்கூடாது என்று விதியில் எழுதியிருக்கவில்லை, ஏனென்றால் வருவார்கள் என்று யாரும் நினைக்கவில்லை. வந்தார், ஆண்களோடு ஆடி இரண்டாம் இடம் பிடித்தார். உடனே பெண்களுக்குத் தடை. சொன்ன காரணங்களில் ஒன்று, நீளப் பாவாடை மறைப்பதால் நடுவர்களுக்குப் பாதம் தெரிவதில்லை என்பது. பிறகு பெண்களுக்குத் தனிப் போட்டி வந்தது, 1908 ஒலிம்பிக்கில் அவரே தங்கம் வென்றார். பாவாடை மெல்ல மேலேறியது. 1928, 1932, 1936 என்று மூன்று ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கிய நார்வேயின் சோன்யா ஹெனி அதை முழங்காலுக்கு மேலே கொண்டுபோய், வெள்ளை ஷூவையும் நாகரிகமாக்கினார். 1988-இல், இடுப்பையும் பின்பக்கத்தையும் மூடும் பாவாடை கட்டாயம் என்று போட்டிகளில் ஒரு விதி வந்தது. 2004-இல் அதுவும் போய்விட்டது. இன்று போட்டியிலேயே பெண்கள் பேன்ட் போடலாம். வகுப்புக்கு உங்களை யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். பாவாடைப் பேச்சு இதோடு போதும்.

ஷூவுக்கு வருவோம். பிளேடு கத்தி மாதிரி ஒற்றைக் கூர் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது ஏறக்குறைய நான்கு மில்லிமீட்டர் தடிமன். அடிப்பக்கம் நீளவாக்கில் பள்ளம் எடுத்திருப்பார்கள். அதனால் உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று என்று இரண்டு விளிம்பு. பக்கவாட்டில் பார்த்தால் பிளேடும் நேர்க்கோடல்ல, ஏழெட்டு அடி ஆரமுள்ள வட்டத்தின் ஒரு துண்டு. கால் எந்த விளிம்பில் சாய்கிறதோ அந்தப் பக்கம் வளைந்து போவீர்கள். கலை முழுக்க இந்தச் சாய்வில்தான் இருக்கிறது. கணுக்கால் இரண்டு டிகிரி சாய்ந்தால் பிளேடும் இரண்டு டிகிரி சாய வேண்டும். ஷூ தொளதொளவென்று இருந்தால் கால் உள்ளே சாயும், பிளேடு தன்பாட்டுக்கு நிற்கும். அல்லது ஷூ மடிந்து கணுக்கால் உள்பக்கமாகச் சரியும். "எனக்குக் கணுக்கால் பலவீனம்" என்று சொல்லிக்கொண்டு வகுப்பை விட்டுப் போகிறவர்களில் பாதிப் பேருக்குப் பலவீனம் ஷூவில்தான்.

முதல் இரண்டு மூன்று வகுப்புக்கு வாடகை ஷூ போகட்டும், ஒப்புக்கொள்கிறேன். கொடுத்ததை வாங்கிக்கொள்ளாமல் செக்கிங் மேஜையில் பார்ப்பது போலப் பாருங்கள். கணுக்கால் பக்கத்தை இரண்டு கட்டைவிரலாலும் அழுத்துங்கள். ஈர அட்டை மாதிரி மடிந்தால் திருப்பிக் கொடுங்கள். கவுன்டர், அதாவது குதிகாலைப் பிடித்து நிறுத்தும் உள் அட்டை, செத்துவிட்ட ஷூவை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நகத்தை விளிம்பின் குறுக்கே மெதுவாக இழுங்கள், நீளவாக்கில் கூடாது. நகம் துளி சீவப்பட்டால் கூர் இருக்கிறது. இரண்டு ஷூவிலும், இரண்டு விளிம்பிலும் பாருங்கள். ஒரு பக்கம் மழுங்கியிருந்தால் அந்தக் கால் மட்டும் பக்கவாட்டில் வழுக்கும், நீங்கள் உங்களைத் திட்டிக்கொள்வீர்கள்.

ஆறு மாதம் வாரம் இரண்டு வகுப்பு என்றால் சொந்த ஷூ வாங்குங்கள். மகள் செலவு செய்யத் தயாராக இருந்தால் அந்தப் பணம் இங்கேதான் போக வேண்டும். அங்கே கனடாவிலேயே செய்யும் ஜாக்சன் இருக்கிறது, அமெரிக்க ரீடெல், இத்தாலியின் எடியா இருக்கின்றன. எது உங்கள் லாஸ்ட்டோ, அதாவது எந்தக் கம்பெனி ஷூ தைக்கும் கால் அச்சு உங்கள் காலுக்கு ஒக்கிறதோ, அதுதான் உங்களுக்கு நல்லது. ஒரு கம்பெனியின் லாஸ்ட் முன்பாதம் அகலம், குதிகால் ஒடுக்கம். இன்னொன்று நேர்மாறு. நம்மூர்க் கால் வருஷக்கணக்காகத் திறந்த செருப்பில் விரிந்த கால். நீளத்தை மட்டும் அளந்து வாங்கினால் சுண்டுவிரல் பக்கம் கொல்லும். அதற்காக ஒரு அளவு பெரிதாக வாங்குவதுதான் எல்லாரும் செய்யும் தப்பு. அகலத்துக்கு அகலம்தான் மருந்து, நீளம் இல்லை. சாயங்காலம், கால் லேசாக வீங்கியிருக்கும் நேரத்தில், காகிதத்தின் மேல் முழு எடையும் போட்டு நின்று இரண்டு காலையும் வரைந்துகொள்ளுங்கள். பெரும்பாலும் வெளியில் போடும் ஷூவைவிட அரை அளவிலிருந்து ஒன்றரை அளவு வரை குறைவாக வரும். லேஸ் கட்டி நிமிர்ந்து நின்றால் விரல்கள் முன்பக்கத்தை லேசாக உரச வேண்டும், மடங்கக் கூடாது. முழங்காலை மடக்கினால் விரல் பின்வாங்க வேண்டும், குதிகால் எழும்பவே கூடாது.

விறைப்பு இன்னொரு பொறி. காற்றில் இரண்டு சுற்றுச் சுற்றி இறங்கும் இரட்டைத் தாவலுக்கான விறைப்பான ஷூவைக் கடைக்காரர் "நாளைக்கு உதவும்" என்று நீட்டினால் வாங்காதீர்கள். அதில் கணுக்கால் மடங்காது, கணுக்கால் மடங்காமல் முழங்கால் மடங்காது, முழங்கால் மடங்காதவர் விழுவார். அதே சமயம் சிறுவர் பயிற்சி ஷூவின் மெத்தென்ற தோலும் பெரியவர் எடைக்கு ஒரே மாதத்தில் மடிந்துவிடும். உங்கள் எடையைக் கூச்சப்படாமல் சொல்லுங்கள். நல்ல கடையில் சூடேற்றிக் காலுக்குப் படியவைத்துத் தருவார்கள். உங்கள் கம்பெனியில் குதிகால் பக்கத்தை அச்சில் படியவைக்கும் பேக் பார்ட் மோல்டிங்கின் தம்பிதான் அது. கணுக்கால் எலும்பு இடிக்கும் இடத்தில் உள்ளிருந்து தள்ளி இடம் பண்ணித் தருவதும் உண்டு. கேட்டால்தான் செய்வார்கள். பிளேடைத் தற்காலிக ஸ்க்ரூவில் பொருத்தச் சொல்லுங்கள். நீள்துளைகளில் போட்டால் பக்கவாட்டில் கொஞ்சம் நகர்த்தலாம். ஒற்றைக் காலில் நேராகப் போகும்போது ஒரே பக்கம் இழுத்துக்கொண்டே இருந்தால் அதை நகர்த்திப் பார்த்துவிட்டு அப்புறம் மீதி ஸ்க்ரூவை இறுக்கலாம்.

லேஸ் விரல் பக்கம் தளர்வாக, பாதம் கணுக்காலோடு மடங்கும் இடத்தில் நன்றாக இறுக்கி, மேலே கொக்கிகளுக்குப் போகும்போது மறுபடி கொஞ்சம் தளர்த்திக் கட்ட வேண்டும். பின்பக்கம் ஒரு விரல் உள்ளே போனால் சரி. முழுக்கச் சமமாக இறுக்கிக் கட்டினால் கால் மரத்துப்போகும், முன்பக்கத் தசைநார் வலிக்கும். சாக்ஸ் ஒரே ஒரு ஜோடி, மெல்லியது, நைலான் கலந்தது, ஷூவின் விளிம்புக்கு மேல் ஏறுவது. குளிருமே என்று இரண்டு கம்பளிச் சாக்ஸ் போட்டால் ஷூவுக்குள் கால் நழுவும். இறுகினால் ரத்தம் ஓடாது, இன்னும் அதிகமாகத்தான் குளிரும்.

மெட்டியும் கொலுசும். இதை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள், கனடா டீச்சருக்கும் தெரியாது. ஷூவுக்குள் விரல்களுக்கு நடுவே உலோக வளையம் இருந்தால் பக்கத்து விரலை அரை மணியில் அறுக்கும். வீங்கிவிட்டால் கழற்றவும் முடியாது. கொலுசின் கொக்கி சரியாகக் கணுக்கால் எலும்பின் மேல் அமரும், இறுக்கிய தோல் அதை அங்கேயே பதிக்கும். இரண்டையும் வீட்டிலேயே கழற்றி டப்பாவில் வையுங்கள். தாலிச் சரடை உள்ளாடைக்குள் நன்றாகச் செருகிக்கொள்ளுங்கள். மெட்டியைக் கழற்றலாமா என்று நாத்தனார் ஆரம்பித்தால், மேலே சொன்னதுதான், அவர் வரப்போவதில்லை.

உடை என்று கேட்டீர்கள் அல்லவா. ஐஸ் மைனஸ் மூன்று நான்கு டிகிரியில் இருக்கும். உள்ளே காற்று பத்து டிகிரியை ஒட்டி. வெயிலூர்க்காரருக்கு அது நடுக்கம்தான், ஆனால் பத்து நிமிஷத்தில் வியர்க்கும். அதனால் ஒரு தடி ஸ்வெட்டர் வேண்டாம், கழற்றக்கூடிய மூன்று மெல்லிய அடுக்கு போதும். உள்ளே பருத்தி கூடாது. வியர்வையைக் குடித்துவிட்டு ஈரமாகவே கிடந்து குளிரவைக்கும். கீழே, இழுத்தால் நீளும் தடித்த லெக்கிங்ஸ், மேலே இடுப்பளவு சட்டை. சுடிதார் டாப்பின் தொங்கும் முனை குனியும்போது முழங்காலில் சிக்கும். துப்பட்டா கண்டிப்பாகக் கூடாது. பேன்ட் கால் அகலமாக இருந்தால் பிளேடின் நுனிப்பற்களில் மாட்டி முகம் தரையில். கண்ணாடி வளையல் வேண்டாம், பூ வேண்டாம். கொண்டை ஊசி முக்கியமாக வேண்டாம். ஐஸில் விழுந்த ஒரு ஊசியில் அடுத்தவர் பிளேடு பட்டால் சட்டென்று நின்றுவிடும், ஆள் மட்டும் மேலே போவார். ரப்பர் பேண்ட் போடுங்கள். கையுறை இரண்டு ஜோடி, ஒன்று நனைந்துவிடும். முழங்கால் பட்டை, மணிக்கட்டுக் காப்பு, தலைக்கவசம் மூன்றும் வேண்டும். வெட்கப்பட்டால் வேலூர் ஆஸ்பத்திரி டிக்கெட் போட வேண்டிவரும். இந்த வயதில் பெண்களுக்கு எலும்பு இளைக்கத் தொடங்கும், பின்னால் கையை ஊன்றி விழுந்தால் மணிக்கட்டுதான் போகும். விழப்போகிறோம் என்று தெரிந்தால் முழங்காலை மடக்கிப் பக்கவாட்டில், இடுப்புச் சதைமேல் உட்காருங்கள். விரல்களை மடக்கி நெஞ்சோடு வையுங்கள். எழும்போது முட்டி போட்டு, ஒரு பாதத்தைக் கைகளுக்கு நடுவே வைத்து எழுங்கள்.

வகுப்பு முடிந்ததும் பிளேடைத் துணியால் துடையுங்கள். அடிப்பக்க ஸ்க்ரூத் துளைகள் வரை துடைக்க வேண்டும், அங்கேதான் தண்ணீர் இறங்கித் தோல் அட்டையை அழுகவைக்கும். பிளாஸ்டிக் உறை நடப்பதற்கு மட்டும். அதை மாட்டியே பையில் போட்டால் மறுநாள் துரு. துணி உறை போடுங்கள். ஷூவைத் திறந்து நாக்கை வெளியே இழுத்துக் காயவையுங்கள், ஹீட்டர் பக்கம் வேண்டாம். தோல் எப்படி வெடிக்கும் என்று உங்களுக்கா சொல்வது.

நிறம் கேட்டிருந்தீர்கள். கறுப்பு வேண்டாம். விழுந்து எழுந்தால் ஐஸ் தூள் பின்னால் வெள்ளையாக அப்பிக்கொள்ளும், எத்தனை முறை விழுந்தீர்கள் என்று வகுப்பே எண்ணிவிடும். சாம்பல் நிறத்தில் எடுங்கள்.