டிப்பரில் போகும் மண்

கேள்வி: 2023 டிசம்பரில் ஜீ தமிழ் 'சரிகமப லிட்டில் சாம்ப்ஸ்' போட்டியில் அரியாலைப் பிள்ளை கில்மிஷா முதலிடம் பெற்றார். யாழ்ப்பாணத்துக்குப் பெருமை வந்துவிட்டது. எங்கள் வன்னி மண்ணின் குரல் எப்போது அந்த மேடையில் ஒலிக்கும்?
(வாசகர் ஒருவர், ஒட்டுசுட்டான்)

பதில்: மண் என்றா சொன்னீர்கள்? அது ஒலித்துக்கொண்டுதான் இருக்கிறது. இரவு பன்னிரண்டு மணிக்குப் பிறகு ஏ-9 வீதியோரம் வந்து நில்லுங்கள். டிப்பர் டிப்பராகப் போகும். ஆற்று மணல் ஒரு சுருதி, கிரவல் ஒரு சுருதி. தார்ப்பாயை ஒழுங்காகக் கட்டாததால் பின்னால் வரும் மோட்டார் சைக்கிள்காரனின் கண்ணுக்கும் கொஞ்சம் கிடைக்கும். எந்த நடுவரும் மணி அடித்து நிறுத்துவதில்லை. இதை எழுதத் தொடங்கினால் பக்கம் முடிந்துவிடும் என்று பக்கம் கட்டும் தம்பி முறைக்கிறான். விடுகிறேன்.

யாழ்ப்பாணத்தோடு எங்களுக்கு ஏற்கெனவே கிளிநொச்சி இரணைமடுக் குளத்துத் தண்ணீர் வழக்கு இருக்கிறது. அவர்கள் குழாயில் கேட்டார்கள், எங்கள் வயலுக்கே காணாது என்றார்கள் கிளிநொச்சிக் கமக்காரர்கள். இனிப் பாட்டிலும் பங்குச் சண்டையா? அந்தப் பிள்ளை நன்றாகப் பாடியது, வென்றது. கேட்டுச் சந்தோசப்பட்டவர்களில் நானும் ஒருவன்.

எனக்குப் பிடிக்காதது வேறு. எங்கள் பக்கத்துப் பிள்ளை மேடை ஏறினால் பாட்டுக்கு முன்னாலேயே ஒரு வயலின் அழத் தொடங்கிவிடும். போர், இடம்பெயர்வு, அம்மா கண்ணைத் துடைப்பது, அப்புறம் நடுவர் துடைப்பது. அதெல்லாம் முடிந்து பிள்ளை பாடுவது சினிமாப் பாட்டு. இதில் வன்னி மண் எங்கே வருகிறது? பொலிப் பாட்டுப் பாடி நெற்கதிரைச் சூடு மிதித்த களம் வெட்டு மெசின் வந்ததோடு போயிற்று. முல்லைத்தீவுப் பக்கத்து முல்லைமோடிக் கூத்தை எந்தச் சுற்றில் பாடுவது? சரி, எந்தப் பாட்டையும் பாடட்டும். சங்கதி பிசகினால் பிசகியது என்று சொல்லுங்களேன், ஊர்ப் பெயரைக் கேட்டு ஏன் மார்க் போடுகிறீர்கள்?

நாங்கள் பார்த்த பாட்டுப் போட்டி வேறு மாதிரி. 1990களில் பொருளாதாரத் தடையால் வன்னிக்குள் பற்றரி வராது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவிலிருந்து றேடியோவுக்கு வயர் கொடுத்து, பெடலைக் கையால் சுற்றுவோம். எங்கள் வீட்டில் சுற்றுவது மச்சான். அவனுக்குப் பிடித்த பாட்டென்றால் கணீரென்று வரும். மாமாவுக்குப் பிடித்த பழைய பாட்டென்றால் பல்லவியிலேயே அவனுக்குக் கை உளையும். பாடகர் கிணற்றுக்குள் இறங்குவது போல இறங்கி, சரணத்தில் அடியைத் தொட்டுவிடுவார். மாமா பூவரசம் தடியை எடுத்தால் மளமளவென்று ஏறி வருவார். எந்தப் பாடகர் பெரியவர் என்று அந்த நாளில் எங்கள் வீட்டில் தீர்மானித்தது மச்சானின் முழங்கை. இப்போது நேயர் வாக்கு என்கிறார்கள். எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

அது கிடக்க, இவ்வளவு அக்கறையாகக் கேட்கிறீர்களே, வீட்டில் பாடுகிற பிள்ளை உண்டோ? இருந்தால் வட்டாப்பளை அம்மன் கோயில் பொங்கல் முடிந்த கிழமை அலுவலகத்துக்குக் கூட்டி வாருங்கள், தேநீர் தருகிறேன். மைக் மட்டும் கொண்டுவர வேண்டாம். எங்கள் சந்திக் கோயில் ஒலிபெருக்கிக்கும் எனக்கும் உள்ள தகராறு இன்னும் தீரவில்லை.